100 கஜத்தில் அரை அங்குலம், 1000 கஜத்தில் இரண்டடி: தோட்டாவைக் கையால் நிரப்பினால் தீருமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். .308 வின்செஸ்டர் ரைஃபிள், பெட்டியில் வரும் மேட்ச் (போட்டிக்கென்று செய்த) தோட்டா, 175 கிரெய்ன் (சிறிய எடை அளவு) குண்டு, குழல்வாயில் விநாடிக்கு 2600 அடி வேகம். 100 கஜத்தில் மூன்று குண்டுகள் அரை அங்குலத்துக்குள் விழுகின்றன. கொடிகூட அசையாத ஒரு காலையில் அதே ரைஃபிளால் 1000 கஜத்தில் இருபது குண்டு சுட்டால், பக்கவாட்டில் பரவாயில்லை, உயரத்தில் மட்டும் இரண்டடி சிதறுகிறது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டிய திட்ட விலக்கம், அதாவது குண்டுக்குக் குண்டு வேகம் மாறும் அளவு, விநாடிக்கு 20 அடி. கோளாறு ரைஃபிளிலா, ஸ்கோப்பிலா, தோட்டாவிலா? கையால் நிரப்ப ஆரம்பித்தால் தீருமா? அப்படியானால் எந்த வேலைக்கு மெனக்கெடலாம், எதை விட்டுவிடலாம்? இல்லை, 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கே மாறிவிடலாமா?

ரைஃபிளைப் பிரிக்க வேண்டாம், ஸ்கோப்பையும் கழற்ற வேண்டாம். கேள்வியில் கொடுத்த எண்களை வைத்தே அந்த இரண்டடியைக் கிட்டத்தட்ட முழுசாகக் கணக்குக் காட்டிவிடலாம்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் தோட்டா என்றுவிடுகிறோம். இங்கே தோட்டா என்றால் முழுப் பொருள். அதில் பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் செருகிய குண்டு என்று நான்கு இருக்கின்றன. கையால் நிரப்புவது என்றால் சுட்ட கூட்டை எடுத்து, அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் நாமே புதிதாகப் போடுவது.

இப்போது கணக்கு. இந்தக் குண்டு 1000 கஜம் போவதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து 400 அங்குலத்துக்கும் மேல் கீழே இறங்கிவிடும். நாம் ஸ்கோப்பில் திருகி ஈடுகட்டுவது இந்த இறக்கத்தைத்தான். வேகம் கொஞ்சம் குறைந்தால் குண்டு காற்றில் கூடுதல் நேரம் இருக்கிறது, கூடுதலாக விழுகிறது. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் 1 சதவீதம் குறைந்தால் இறக்கம் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். ஆக விநாடிக்கு 10 அடி வித்தியாசத்துக்கு 1000 கஜத்தில் சுமார் 3 அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். திட்ட விலக்கம் 20 அடி என்றால் உயரத்தில் அது 6 அங்குல விலக்கம்.

இதே வேக வித்தியாசம் 100 கஜத்தில் என்ன செய்யும்? அங்கே மொத்த இறக்கமே இரண்டே முக்கால் அங்குலத்துக்குள்தான். 50 அடி வேகம் மாறினால்கூட குண்டு நகர்வது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அரை அங்குலக் குரூப்புக்குள் அது ஒளிந்துகொள்ளும், கண்ணில் படவே படாது. 100 கஜக் குரூப்பை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் எல்லாரும் ஒருநாள் 1000 கஜத்தில் திகைப்பது இதனால்தான். 100 கஜம் ரைஃபிளையும் சுடுகிறவரையும் சோதிக்கும். தோட்டாவின் வேகச் சீரை அது சோதிப்பதே இல்லை.

அடுத்து அந்த அரை அங்குலம். மூன்று குண்டுக் குரூப் எப்போதுமே நம்மைக் கொஞ்சம் முகஸ்துதி செய்யும். அதே ரைஃபிளை அதே மாதிரி பத்துக் குண்டு சுட்டால் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல், அதாவது முக்கால் அங்குலத்தைத் தாண்டி வரும். ரைஃபிள் கெட்டுப்போனதால் இல்லை. குண்டு கூடக்கூட ஓரத்தில் விழுபவையும் கூடும், அவ்வளவுதான். இந்த ரைஃபிளின் இயல்பான சிதறலை உயரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் 1000 கஜத்தில் சுமார் 2.2 அங்குலத் திட்ட விலக்கம் வருகிறது. வேகம் தரும் 6 அங்குலத்தோடு இதை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எடுத்தால் 6.4. இருபது குண்டில் மேலுக்கும் கீழுக்குமான வீச்சு திட்ட விலக்கத்தைப்போல் சராசரியாக 3.7 மடங்கு இருக்கும். பெருக்கிப் பாருங்கள், 24 அங்குலம். இரண்டடி.

சரி, கையால் நிரப்பித் திட்ட விலக்கத்தை 8-க்குக் கொண்டுவந்தால்? இது கவனமாக வேலை செய்யும் யாருக்கும் எட்டும் எண்தான். வேகத்தின் பங்கு 2.4 அங்குலமாகிவிடும். ரைஃபிளின் 2.2-ஐயும் சேர்த்தால் இருபது குண்டின் வீச்சு 12 அங்குலம். பாதியாகிவிட்டது. இன்னும் உழைத்து 5-க்கு இறக்கினால் 10 அங்குலம். வருடக்கணக்கில் தவம் கிடந்து 3-க்கு இறக்கினால் 9 அங்குலம். 20-இலிருந்து 8-க்கு வந்தபோது ஓரடி மிச்சமானது. 5-இலிருந்து 3-க்கு வந்ததில் மிச்சம் ஓர் அங்குலம்தான். ஏனென்றால் அந்தக் கட்டத்தில் மிச்சமிருப்பது தோட்டாவின் குறை அல்ல, ரைஃபிளும் அதைப் பிடித்திருப்பவரும். ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் 1000 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குல விட்டம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். எவ்வளவு உழைப்பு எவ்வளவு புள்ளியாக மாறும் என்பதை இதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

ஆக, கையால் நிரப்புவது உயரச் சிதறலுக்கு நல்ல மருந்து. ஆனால் எந்த வேலை அந்த 8-ஐத் தருகிறது என்பதில்தான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

புதிதாக வருபவர் முதலில் வாங்க நினைப்பது விலையுயர்ந்த தராசு. பவுடரை ஒவ்வொரு துகளாக எடை போடுவது பார்க்கவே நேர்த்தியாக இருக்கும், மறுக்கவில்லை. கணக்கு என்ன சொல்கிறது? .308 அளவுக் கூட்டில் 0.1 கிரெய்ன் பவுடர் மாறினால் வேகம் சுமார் 5 அடி மாறும். சாதாரண நல்ல தராசில் 0.1 கிரெய்ன் முன்னே பின்னே போனால் அதனால் வரும் திட்ட விலக்கம் 3 அடிக்குள். மொத்தம் 8 அடி இருக்கும்போது இந்த 3-ஐ அடியோடு ஒழித்தால் மிச்சம் எவ்வளவு? 64-இலிருந்து 9 போக 55, அதன் வர்க்கமூலம் 7.4. இத்தனை செலவுக்கும் கிடைத்தது அரை அடிச் சொச்சம். தராசு கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

அந்த 7.4 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூட்டிலிருந்தும், குண்டைப் பிடித்திருக்கும் அதன் கழுத்திலிருந்தும். பிரைமர் எரியும் விதமும், அதைத் தட்டும் ஊசியின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும் கொஞ்சம் சேர்க்கும்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கூடு செய்யும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்த உலோகத்தை வளைக்க வளைக்க இறுகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு முறை டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சில்) விட்டு எடுக்கும்போதும் சுருங்குகிறது. ஐந்தாறு சுற்று போனபின் சில கழுத்துகள் மற்றவற்றைவிட இறுகிவிடும். டை எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத்தான் அழுத்துகிறது, ஆனால் வெளியே வந்ததும் ஒவ்வொன்றும் தன் இறுக்கத்துக்கு ஏற்ப விரிந்துகொள்கிறது. குண்டைப் பிடிக்கும் பிடி ஒவ்வொன்றிலும் வேறு. பிடி வேறானால் அழுத்தம் ஏறும் விதம் வேறு, வேகம் வேறு.

இதைக் கருவியே இல்லாமல் கையால் உணரலாம். சிறிய கை பிரஸ்ஸில் குண்டை மெதுவாக இறக்கிப் பாருங்கள். ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கும். அடுத்தது பாதி வழியில் முரண்டு பிடித்து, லேசாக ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கொடுத்துத்தான் இறங்கும். அந்தச் சத்தம் வந்த தோட்டாக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். நான் அப்படி எடுத்து வைத்தவற்றைத் தனியாகக் குரோனோகிராஃப் முன்னால் சுட்டபோது, ஒதுக்கியவற்றின் சிதறல் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. மருந்து இரண்டுதான். ஒன்று, சில சுற்றுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குவது. அடிப்பாகம் ஒருபோதும் சூடாகக் கூடாது, அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. மற்றொன்று, கழுத்தின் உள்ளே படியும் கரியை ஒரேயடியாகத் தேய்த்து எடுத்துவிடாமல் இருப்பது. மீயொலித் தொட்டியில் போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளக்கவைத்த கழுத்து குண்டை இறுகக் கவ்வும். மெல்லிய கரிப்படலம் நல்ல மசகு. பளபளப்பு போட்டோவுக்குத்தான் நல்லது.

கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் பகுதி, பற்றியும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டதும்கூட. சுட்ட கூட்டைச் சுருக்கும்போது தோளை ஆயிரத்தில் ஒன்று, இரண்டு அங்குலம் மட்டும் பின்னால் தள்ளினால் போதும். டையை இஷ்டத்துக்கு இறக்கி வைத்து ஐந்து, ஆறு என்று தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு நீள வேண்டியிருக்கும். அது நீளும் இடம் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே. உள்ளே சுவர் மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் இரண்டாகப் பிரியும். வெளியே அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிய ஆரம்பித்தால் எச்சரிக்கை. நுனியை வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் மாட்டுவது போலத் தடுக்கினால் அந்தக் கூட்டை நசுக்கித் தூக்கி எறியுங்கள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

குண்டு எவ்வளவு வெளியே நீட்டி நிற்கிறது, குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகளுக்கும் அதற்கும் எத்தனை இடைவெளி என்பது பெரும்பாலும் குரூப்பின் அளவை மாற்றும், வேகச் சிதறலை அவ்வளவாக மாற்றாது. அதனால் அதை 100 கஜத்திலேயே தேடிக்கொள்ளலாம். குழல் தேயத்தேய வரிகளின் தொடக்கம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். போன வருடம் பார்த்த இடைவெளி இந்த வருடம் அதே இடைவெளி அல்ல.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்று நான் எண் சொல்லப்போவதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டேன், மற்றவர் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பவுடர் தயாரிப்பாளரோ குண்டு தயாரிப்பாளரோ அதே பவுடருக்கும் அதே குண்டுக்கும் வெளியிட்ட அட்டவணையில் இருக்கும் குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏறுங்கள். .308-க்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. பிரைமர் தட்டையாகிறதா, போல்ட் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறலாம் என்பார்கள். அந்த அறிகுறிகள் தெரியும்போது பெரும்பாலும் எல்லையைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அதைவிட நம்பகமான சாட்சி குரோனோகிராஃப்தான். அட்டவணை சொல்லும் வேகத்தைவிட அதே நீளமுள்ள உங்கள் குழலில் கூடுதல் வேகம் வந்தால், அது இலவசமாக வந்ததல்ல, கூடுதல் அழுத்தத்தில் வந்தது. மேசைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். குண்டு செருகும் முன் எல்லாக் கூடுகளையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். கையால் நிரப்பவும் பவுடர் வைத்திருக்கவும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உரிமம் இல்லாமல் பவுடரையே வாங்க முடியாத இடங்களும் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகே மற்றதெல்லாம்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஒரு பழக்கத்துக்கு வருகிறேன். ‘நோட்’ தேடுவது. பவுடரை 0.2 கிரெய்ன் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒன்றோ இரண்டோ குண்டு சுட்டு, வேகம் ஏறாமல் சமதளமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ‘இதுதான் என் ரைஃபிளுக்குப் பிடித்த இடம்’ என்று குறித்துக்கொள்வது. ஒரு படிக்கு எதிர்பார்க்கும் வேக ஏற்றமே 10 அடிதான். ஒவ்வொரு குண்டின் இயல்பான தடுமாற்றமும் 8, 10 அடி. ஒரு குண்டு கொஞ்சம் வேகமாகவும் அடுத்த படியின் குண்டு கொஞ்சம் மந்தமாகவும் போனாலே ஒரு சமதளம் தோன்றிவிடும். எட்டுப் படி சுட்டால் எங்காவது ஒரு சமதளம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நானும் செய்திருக்கிறேன். நோட்டுப்புத்தகத்தில் சிவப்பு மையில் கட்டம் போட்டு வைத்திருந்த ‘நோட்’, இரண்டு வாரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது நான்கு படி தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது முறை சுட்டபோது இரண்டு சமதளம். அன்றோடு விட்டேன்.

குரோனோகிராஃப் காட்டும் திட்ட விலக்கத்துக்கும் இதே கதிதான். பத்துக் குண்டு சுட்டு 10 என்று வந்தால், உண்மையான எண் 7 முதல் 18 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்தே குண்டு சுட்டு வந்த 10 என்றால் 6-ஆகவும் இருக்கலாம், 28-ஆகவும் இருக்கலாம். ‘ஐந்து குண்டில் எனக்கு எஸ்.டி. (திட்ட விலக்கம்) 4’ என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், நம்ப மட்டும் வேண்டாம். வீச்சை வைத்து ஒப்பிடுவது இன்னும் மோசம். ஒருவர் ஐந்து குண்டுக்கும் மற்றவர் இருபது குண்டுக்கும் வீச்சு சொல்வார்கள். ஒரே தோட்டாவாக இருந்தாலும் இருபதின் வீச்சு ஐந்தின் வீச்சைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். இரண்டு விதமாக நிரப்பியதை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் குறைந்தது இருபது. அதுவும் ஒரே நாளில், மாற்றி மாற்றிச் சுட்டது. இத்தனைக்கும் மனமில்லையென்றால் ஒப்பிடவே வேண்டாம். கழுத்தையும் தோளையும் ஒழுங்காகப் பார்த்து, அட்டவணையின் நடுப்பகுதியில் ஓர் அளவை எடுத்துக்கொண்டு பழகப் போய்விடுங்கள். குழலுக்கும் ஆயுள் இருக்கிறது, சோதனைக்குச் சுடும் ஒவ்வொரு குண்டும் அதில்தான் கழிகிறது.

தோட்டா சீராக இருந்தும் உயரம் எகிறும் இடம் ஒன்று உண்டு. ஒரு முறை 1000 கஜத்தில் பதினைந்து குண்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்ததை அறையில் ஏற்றி போல்ட்டைப் பூட்டினேன். கொடி சட்டென்று திரும்பியது. சரி, பழைய காற்று திரும்பட்டும் என்று காத்திருந்தேன், இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. திரும்பியதும் சுட்டேன். பக்கவாட்டில் கச்சிதம், உயரத்தில் ஏழெட்டு அங்குலம் மேலே. கன்னம் அசைந்துவிட்டதோ, பைபாட் நகர்ந்துவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே அடுத்ததைப் போட்டேன், நடுவில் விழுந்தது. அப்புறம்தான் உறைத்தது. பதினைந்து குண்டு சுட்ட குழலைக் கையால் தொட முடியாது. அந்தச் சூட்டுக்குள் தோட்டாவை இரண்டு நிமிடம் வேகவைத்திருக்கிறேன். பவுடர் சூடானால் வேகமாக எரியும், அழுத்தமும் வேகமும் கூடும். வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத பவுடர்கள் இருக்கின்றன, அவற்றிலும் இது முழுசாகப் போகாது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டுமென்றால் தோட்டா வெளியே, நிழலில் காத்திருக்கட்டும். தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான்.

குரோனோகிராஃப் காட்டாத இன்னொன்று குண்டின் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது காற்றை எவ்வளவு சுலபமாகக் கிழித்துப் போகிறது என்பதன் அளவு. இரண்டு குண்டுகள் ஒரே வேகத்தில் கிளம்பினாலும் ஒன்றின் அளவு 1 சதவீதம் குறைவாக இருந்தால் 1000 கஜத்தில் 2, 3 அங்குலம் கீழே போகும். 10 அடி வேகக் குறைவுக்குச் சமம். ஒரே பெட்டிக்குள்ளேயே மூக்கு நுனி கொஞ்சம் சப்பையாக இருப்பது, நீளம் மாறுவது எல்லாம் இதில் வந்து சேரும். குண்டின் அடிப்பாகம் இன்னும் முக்கியம். அமெரிக்காவில் பிராங்கிளின் மான் என்ற மருத்துவர் நூறு வருடங்களுக்கு முன்பே வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கில் செய்த காயத்தைக் குண்டு பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது, அடியில் செய்த காயத்தைப் பொறுக்கவில்லை. எனவே கூட்டின் வாய் விளிம்பைச் சீவாமல் விட்டு, செருகும்போது குண்டின் அடியைச் சுரண்டிவிடாதீர்கள்.

குண்டின் தேர்வில் பழைய கதை ஒன்று. .308-இல் புகழ்பெற்ற 168 கிரெய்ன் மேட்ச் குண்டு 600 கஜம் வரை தங்கம். 1000-க்குக் கொண்டுபோனால் வழியில் தள்ளாடும். அதன் வால் 13 டிகிரியில் செங்குத்தாகச் சரிகிறது. வேகம் ஒலியின் வேகத்தை, விநாடிக்குச் சுமார் 1116 அடியை, நெருங்கும்போது அந்த வால் குண்டை நிலைகுலைய வைக்கிறது. 175 கிரெய்ன் குண்டின் வால் 9 டிகிரிதான், அதனால் அதே இடத்தைச் சமாளித்துக் கடந்துவிடுகிறது. கேள்வி கேட்டவர் சரியான குண்டில்தான் இருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. வேகச் சிதறல் எப்போதும் உயரச் சிதறலாக மாறியே தீர வேண்டும் என்பதில்லை. சுடும்போது குழல் அதிர்கிறது. மந்தமான குண்டு கொஞ்சம் தாமதமாக வாயை விட்டு வெளியேறும். அந்தக் கணத்தில் குழல்வாய் மேலே எழும்பிக்கொண்டிருந்தால், மந்தமான குண்டு கொஞ்சம் உயர்ந்த கோணத்தில் கிளம்பி, தூரத்தில் தன் இறக்கத்தை ஈடுகட்டிக்கொள்ளும். பழைய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் கிட்டத்தில் சுமாராகவும் தூரத்தில் வியக்கும்படியும் சுட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். உங்கள் ரைஃபிளில் இது நடக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், கனமான குழலில் அந்த எழும்பல் மிகக் குறைவு.

பக்கவாட்டுக்கு வருவோம். காற்று அசையாத காலையில் சுட்டதால் பக்கச் சிதறல் அடங்கியிருந்தது. அடுத்த முறை அப்படி இருக்காது. காற்று குண்டைப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பக்கக்காற்றில் குண்டு தன் மூக்கை லேசாகக் காற்று வரும் திசைக்குத் திருப்பிக்கொள்கிறது. காற்றுத்தடை அதை வால் பக்கமாக இழுக்கிறது, அந்த இழுப்பின் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் விழுகிறது. இதனால் ஒரு அழகான கணக்கு கிடைக்கிறது. காற்றே இல்லாத வெற்றிடமாக இருந்தால் 3000 அடியை 2600 அடி வேகத்தில் கடக்க 1.15 விநாடி. உண்மையில் இந்தக் குண்டுக்கு 1.7 விநாடி ஆகிறது. அந்த அரை விநாடிச் சொச்சத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் அதுவே விலகல். மணிக்கு 1 மைல் காற்று என்றால் விநாடிக்கு 17.6 அங்குலம். 0.55-ஆல் பெருக்கினால் 10 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முகத்தில் பட்டால்கூடத் தெரியாத 1 மைல் காற்று, பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டத்தையும் தின்றுவிடுகிறது. தோட்டாவில் 5-இலிருந்து 3-க்கு இறக்கிச் சம்பாதித்த ஓர் அங்குலம் இதற்கு முன்னால் என்ன?

இங்கிலாந்தின் பிஸ்லியில் 1890 முதல் தூரப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே டார்கெட் ரைஃபிள் பிரிவில் எல்லாருக்கும் ஒரே தோட்டாவைக் கொடுத்துச் சுடச் சொல்லும் மரபு உண்டு. அப்படியும் மேலே வருபவர்களே திரும்பத் திரும்ப மேலே வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது காற்றைப் படிக்கும் கண்.

6.5 கிரீட்மோருக்கு மாறலாமா என்றும் கேள்வியில் கடைசியாக இருந்தது. 2007-இல் வந்த அந்தத் தோட்டாவில் 140 கிரெய்ன் குண்டு அதே 1 மைல் காற்றுக்கு 7 அங்குலம்தான் விலகும், 10 அடி வேக மாற்றத்துக்கு இரண்டரை அங்குலம்தான் ஏறி இறங்கும். எனவே உங்கள் உயரமும் பக்கமும் இரண்டும் குறையும். பதிலுக்குக் குழல் சீக்கிரம் தேயும், எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். பிரிவில் சேர்க்கமாட்டார்கள். அங்கே .308-க்கும் .223-க்கும் மட்டுமே இடம். போட்டி உங்கள் எண்ணத்தில் இருந்தால் .308-இலேயே இருங்கள். மாற்றுவதற்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு ராடார் குரோனோகிராஃப், கழுத்துப் பிடியை மாற்றிக்கொள்ளக்கூடிய புஷிங் டை, ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து நூறு நல்ல கூடுகள், தோள் அளக்க ஒரு கம்பேரேட்டர் வாங்குங்கள். முதல் நூறு கூடுகளையும் எத்தனை முறை சுட்டது என்ற குறிப்போடு ஒன்றாகவே வைத்திருங்கள், வேறு கூடுகளோடு கலக்காதீர்கள். முதல் இருபதைச் சுட்டதும் வரும் திட்ட விலக்கம் 10-க்குக் கீழே இருந்தால் தோட்டா மேசையை மூடிவிட்டு, அடுத்த இருபதை வேண்டுமென்றே காற்று அடிக்கும் மதியத்தில் சுடுங்கள்.